பத்ராவுக்கு வெள்ளை அடியுங்கள்!



'சுற்றுச்சூழல்' என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அது மலபார் ஹில் சாகேப்களின் சங்கதி, ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு பூமி சூடாகிறதே என்று கவலைப்படுகிறவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்குவதற்கு நமக்குக் காரணமும் இருக்கிறது. பூமி சூடாவதை எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டவன் தகரக் கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்துகிறவன்தான். அவனைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

2022 அக்டோபர் 20 அன்று குஜராத்தின் கேவடியாவில், ஐ.நா. பொதுச்செயலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை முறைக்கான இயக்கம் ஒன்றைப் பிரதமர் தொடங்கி வைத்தார். தேவையில்லாத விளக்கை அணையுங்கள், குழாயை மூடுங்கள், பக்கத்தில் போவதற்கு வண்டியை எடுக்காதீர்கள் என்பன போன்ற யோசனைகள் அதில் உண்டு. நல்ல யோசனைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில் ஆறு பேர் படுத்து எழுகிற குடும்பத்துக்கு இதைச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஒரு ஃபேன், இரண்டு விளக்கு, தலையில் சுமந்து கொண்டுவந்த தண்ணீர். இதில் எதை அணைப்பது, எதை மூடுவது? நம்முடைய சிக்கனம் விரும்பி ஏற்ற விரதமல்ல. நம் தலையில் கட்டப்பட்டது.

பிறகு ஏன் இந்தக் கட்டுரை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நம் வீட்டிலும் வீணாவது உண்டு. அது விளக்கை அணைக்க மறந்ததால் வீணாவதல்ல. கூரை வழியாகச் சூடு உள்ளே வருகிறது, அந்தச் சூட்டை விரட்ட ஃபேன் இரவு பகலாகச் சுற்றுகிறது, அந்த ஃபேன் நம் கூலியைத் தின்கிறது. நம் வீட்டைப் பொறுத்தவரை சுற்றுச்சூழல் என்பது இந்த மூன்றும்தான். இதைக் குறைந்த செலவில் சரி செய்யலாம். நான் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா, மெட்ரிக் வரை படித்தவன். விஞ்ஞானம் பேச எனக்குத் தகுதியில்லை. கணக்குப் போடத் தெரியும், எங்கள் பகுதியில் சந்து சந்தாக ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் கூரை. தாராவியானாலும் சீத்தா கேம்ப் ஆனாலும் சயான் கோலிவாடா ஆனாலும், கீழே செங்கல் சுவர், மேலே இரும்பு ஏணி ஏறிப் போனால் ஒரு மாலா, அதன் தலையில் பத்ரா. கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்கு ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பம் அல்லது தையல் வேலை செய்கிற பையன்கள். ஏப்ரல் மாதம் பகல் இரண்டு மணிக்கு அந்த மாலாவில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆண்களாவது வேலைக்கு என்று வெளியே போய்விடுகிறோம். பாப்பட் உருட்டிக்கொண்டும், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டும், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டும் நாள் முழுவதும் அதற்குக் கீழே வேகிறவர்கள் நம் பெண்கள். மார்ச் மாதப் பரீட்சைக்கு நம் பிள்ளைகள் படிப்பதும் அதே அடுப்பில்தான்.

வெயில் கொல்லும் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 2010 மே மாத வெப்ப அலையின்போது அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டவர்கள் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னால் கணக்கெடுத்தார்கள். நம் பக்கத்திலேயே, 2023 ஏப்ரல் 16 அன்று நவிமும்பை கார்கரில் திறந்த வெளியில் நடந்த அரசு விழாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இங்கே கடல் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராது, உடம்பு ஆறாது. டில்லி, நாக்பூர் பக்கம் இருக்கும் நம் மக்களுக்கு ஏர்கூலர் பலன் தரும், ஏனென்றால் அங்கே கோடைக் காற்று காய்ந்த காற்று. மும்பையின் ஈரக் காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்த்தால் புழுக்கம்தான் கூடும். மாதத் தவணையில் கூலர் வாங்கிவிட்டு மூலையில் துணி போடப் பயன்படுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அகமதாபாத் அந்தச் சாவுகளுக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு திட்டம் போட்டது. தெற்காசியாவிலேயே அதுதான் முதல் திட்டம். 2017இல் சேரிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. சேவா அமைப்பின் வழியில் வந்த மகிளா ஹவுசிங் டிரஸ்ட் அங்கே சேரிப் பெண்களைக்கொண்டே இந்த வேலையைப் பரப்பியது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கறுத்துத் துருப்பிடித்த தகரம் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துச் சூடாகிக் கீழே நம் தலைமேல் கொட்டுகிறது. வெள்ளைப் பரப்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அறைக்குள் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையும் என்று செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஐந்து வேண்டாம், இரண்டு டிகிரி குறைந்தாலே இரவு ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம்.

செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சிமெண்ட் ஷீட்டுக்கும் காங்கிரீட் மேல்தளத்துக்கும் சுண்ணாம்பு போதும். முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு. தகரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. பிடிக்காமல் உதிர்ந்து போகும், துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். தகரத்துக்கு, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட் என்றே ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு அதைத்தான் அடிக்க வேண்டும். சுண்ணாம்பைவிட விலை அதிகம்தான். ஆனால் ஒரு கூலர் விலையோடு ஒப்பிட்டால் சிறு பங்கு, சில வருஷம் தாங்கும். சுண்ணாம்போ ஒரு மழைக்காலத்தோடு போய்விடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். மாசி மாதம் சரியான காலம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உள்ளவர்கள் அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, அறுக்கவோ துளை போடவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். தண்ணீர் தெளித்து, ஈரம் இருக்கும்போதே மெதுவாகத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். எந்த ஷீட்டின் மேலும் நேராகக் கால் வைக்காதீர்கள். கீழே இருக்கும் இரும்புக் குழாய்க்கு நேர்மேலே பலகை போட்டு அதன்மேல் நடங்கள். உடைந்து விழுந்து இடுப்பொடிந்தவர்கள் நம் பகுதியில் உண்டு. சந்துக்கு மேலே தொங்கும் கரண்ட் வயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள்.

பெயிண்டுக்கும் காசில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மழைக்குப் போட்ட நீலத் தார்ப்பாயை ஐப்பசி ஆனதும் சுருட்டி வையுங்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனரில் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து எடுத்து, அந்த வெள்ளை மேலே தெரியும்படி இழுத்துக் கட்டுங்கள். தகரத்துக்கும் பேனருக்கும் நடுவே நாலு விரற்கிடை காற்று ஓடினால் இன்னும் நல்லது. நம் ஊர்க்காரர்கள் பிறந்த நாளுக்கும் பூப்பு விழாவுக்கும் வரவேற்புக்கும் வைக்கிற பேனருக்குப் பஞ்சமா? தலைவர்கள் முகம் கீழே பார்த்தாலும் பரவாயில்லை, அப்படியாவது அவர்கள் மக்களைப் பார்க்கட்டும்.

உள்பக்கம் தெர்மாக்கோல் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒட்டாதீர்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், நச்சுப் புகை கிளம்பும். நம் சந்துகளுக்குள் தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது ஃபேன். விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை 9 வாட் எல்.ஈ.டி. கொடுக்கிறது, அநேகமாக எல்லோரும் மாறிவிட்டோம். ஃபேனில்தான் இன்னும் ஏமாந்துகொண்டிருக்கிறோம். சாதாரண சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட். நம் வீட்டில் அது ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். நாளுக்கு 1.2 யூனிட், மாதத்துக்கு 36 யூனிட். பி.எல்.டி.சி. என்று புது வகை ஃபேன் வந்திருக்கிறது. அதே காற்றுக்கு ஏறத்தாழ 30 வாட்தான் எடுக்கும். அதே 16 மணி நேரத்துக்கு மாதம் 14 யூனிட் சொச்சம். மிச்சம் 21 யூனிட்டுக்கு மேல். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 168 ரூபாய். கடையில் இந்த ஃபேனுக்குக் கூடுதலாகக் கேட்கிற ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடும். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறி கட்டாயம். அந்தச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள். புது ஃபேன் வாங்க முடியாதவர்கள், சுவரில் பெட்டி போல இருக்கும் பழைய ரெகுலேட்டரையாவது மாற்றுங்கள். வேகத்தைக் குறைத்தாலும் அது மின்சாரத்தைக் குறைக்காமல் சூடாக்கி வீணடிக்கிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படிச் செய்யாது.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் வீட்டு மின்சாரத்துக்கு முதல் 100 யூனிட் ஒரு விலை, 101 முதல் 300 வரை அதைவிட மிக அதிக விலை. ஊரில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வேலை தேடி மாநிலம் தாண்டி வந்த நமக்கு அதில் பங்கில்லை. ஆகவே நூறு யூனிட்டைத் தாண்டாமல் நிற்பதுதான் நாமே நமக்குச் செய்துகொள்ளும் மானியம். ஃபேன் ஒன்றை மாற்றினாலே பல குடும்பங்கள் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடும்.

ஆனால் வாடகைக்கு இருப்பவன் என்ன செய்வான்? மாலாக்களில் பெரும்பாலும் தனி மீட்டர் கிடையாது. ஃபேனுக்கு இவ்வளவு, டி.வி.க்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார். சப்-மீட்டர் வைத்தால் கம்பெனி போடும் விலையைவிடக் கூட்டி வாங்குகிறார். 30 வாட் ஃபேன் போட்டாலும் அதே பணம் என்றால் எவன் போடுவான்? கூரையும் அப்படியே. பத்ரா வீட்டுக்காரருடையது, சூடு வாடகைக்காரனுடையது. அண்ணாச்சிமார்களே, உங்களில் பலர் வீட்டுக்காரர்கள், இந்த ஏட்டைப் படிக்கிறவர்கள். நீங்களும் ஒரு காலத்தில் மாலாவில் இருந்துவிட்டுத்தான் கீழே இறங்கினீர்கள். மாலாவின் கூரைக்கு வெள்ளை அடிக்கும் செலவு வீட்டுக்காரரைச் சேர்ந்தது என்றும், மின்சாரத்துக்கு ஓடிய யூனிட்டுக்குக் கம்பெனி விலைதான் என்றும் சங்கம் தீர்மானம் போட வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொன்னதற்காகச் சிலர் என்னோடு பேசமாட்டார்கள். பரவாயில்லை.

அடுப்பு விஷயத்தில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இட்லி அவித்துச் சைக்கிள்காரர்களுக்குக் கொடுக்கிறவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். பர்னிச்சர் பட்டறையில் சும்மா கிடைக்கிற பிளைவுட் துண்டுகள்தான் விறகு. பிளைவுட்டில் பசையும் சன்மைக்காவும் சேர்ந்திருக்கின்றன. அந்தப் புகை மரப் புகையைவிடக் கொடியது. இருமல் நிற்காமல் ஆன பிறகு மகள் வற்புறுத்தி கேஸுக்கு மாற்றினாள். சும்மா கிடைத்த விறகுக்குப் பதில் காசு கொடுத்து கேஸ் என்பதால் ஆரம்பத்தில் அழுதார். இப்போது பெரிய இட்லிச் சட்டிக்குத் தடித்த துணி சுற்றிய மூடி, உளுந்தும் பருப்பும் முன்கூட்டியே ஊறியிருக்கும், ஒரு ஈடு இறங்கியதும் அடுத்த ஈடு தயார். தீ ஒரு நிமிஷம் சும்மா எரிவதில்லை. சிலிண்டர் முன்பைவிட நாலைந்து நாள் கூட வருகிறது என்கிறார். வீட்டுச் சமையலுக்கும் இதே நியாயம்தான். பாத்திரத்தின் ஓரத்தைத் தாண்டி எரிகிற தீ நம் காசு. சோறு முக்கால் வெந்ததும் இறக்கிப் போர்வையில் சுற்றி வைத்தால் மிச்சம் தானாக வெந்துவிடும்.

கேஸ் இணைப்பு இல்லாதவர்களுக்கு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், பிழைக்க வந்த குடும்பங்கள் ரேஷன் கார்டும் முகவரிச் சான்றும் காட்டத் தேவையில்லை, தாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்று அறிவித்தார்கள். ஏஜென்சிகளில் இதைச் சொல்லாமல் திருப்பி அனுப்பியது உண்டு. மனு எழுத ஆள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள்.

தண்ணீரைப் பற்றி எனக்குக் கோபம்தான் வருகிறது. மும்பை மாநகராட்சியின் அளவுகோலில் பல காலமாகச் சேரிக்காரனுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், மாடிக் குடியிருப்புக்காரனுக்கு 135 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு! துணி அலசிய தண்ணீரில் மோரியைக் கழுவி, அதே தண்ணீரில் வாசலையும் கழுவுகிற நம் தாய்மார்களுக்குத் தண்ணீர்ச் சிக்கனம் சொல்லித்தர எவனும் வர வேண்டாம். பிளாஸ்டிக் டிரம்மை மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை காலி செய்து தேயுங்கள், டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அவ்வளவுதான் நான் சொல்வது. மற்றபடி, அனுமதியில்லாத குடிசையானாலும் குடிதண்ணீர் மறுக்கக்கூடாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்லியிருக்கிறது, பானி ஹக் சமிதி போராடி வாங்கிய தீர்ப்பு அது. 2022இல் எல்லோருக்கும் தண்ணீர் என்று மாநகராட்சியும் கொள்கை அறிவித்தது. இன்னும் குழாய் இல்லாத சந்துகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போக வேண்டும், தனித்தனியாகப் போகாமல் சந்தாகப் போக வேண்டும்.

குப்பையைப் பற்றித் தாராவிக்காரனுக்குப் பாடம் எடுக்க யாருக்கும் யோக்கியதை இல்லை. ஊரார் தூக்கியெறிந்த பிளாஸ்டிக்கைப் பிரித்து, அரைத்து, மணியாக்கி மறுபடி சந்தைக்கு அனுப்புகிறது பதின்மூன்றாம் காம்பவுண்டு. ஒன்றே ஒன்று: சாக்கடையில் போடாதீர்கள். 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியாக, கூரை மேல் சூரிய மின்சாரம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் படாத நூறு சதுர அடியாவது மேல்தளம் வேண்டும், அது சொந்தமாகவும் வேண்டும். அதாவது, கூரை உள்ளவனுக்கு மேலும் கொடுக்கிற திட்டம். பத்ரா வீட்டுக்கு வெள்ளைப் பெயிண்டுக்கு ஆயிரம் ரூபாய் மானியம் கொடுங்கள் என்று நாம் கேட்டால் அது சலுகை கேட்பதாகுமா? அவர்கள் மானியத்தில் சிறு துளிகூட இல்லை அது. அகமதாபாத்தில் மாநகராட்சி முன்னின்று செய்ததைக் கேட்டு, வரும் கோடைக்கு முன் மும்பை மாநகராட்சிக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும்.

மறுசீரமைப்பு வந்துவிடும், அதற்குள் எதற்குப் பெயிண்ட் என்று சிலர் கேட்கிறார்கள். இருபது வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது அது. வந்தாலும், எப்படிப்பட்ட வீடு வருகிறது என்று பார்க்க வேண்டாமா? மான்கூர்ட், கோவண்டிப் பக்கம் லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரேக் காம்பவுண்டு என்று நம்மைப் போன்றவர்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். ஒரு கட்டிடத்துக்கும் அடுத்த கட்டிடத்துக்கும் இடையே சில இடங்களில் மூன்று மீட்டர்தான். கீழ் மாடிகளில் பகலிலும் விளக்கு வேண்டும். 2018இல் டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் ஐ.ஐ.டி. ஆட்களும் ஆராய்ந்து, வெளிச்சமும் காற்றும் இல்லாத அந்த வீடுகளில் காசநோய் அதிகம் என்று சொன்னார்கள். தாராவியில் தகுதி பெற்றவர்களுக்கு 350 சதுர அடி என்று 2024இல் அறிவித்தபோது சதுர அடியைப் பற்றித்தான் டீக்கடை டீக்கடையாகப் பேசினோம். சன்னல் எத்தனை, எந்தத் திசை, எதிர்ச்சுவர் எத்தனை அடி தள்ளி என்று கேட்டவர் எத்தனை பேர்? அடுத்த முறை சர்வே ஆட்கள் சந்துக்கு வரும்போது, பேப்பரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

மாசி மாத ஞாயிறுகளில் ஒவ்வொரு சந்தாக எடுத்துக் கூரை வேலை செய்வதாக இருக்கிறோம். மாலாவில் கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள வீடுகளுக்கு முதலிடம். சுண்ணாம்பையும் பெயிண்டையும் பத்து வீட்டுக்குச் சேர்த்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஃபேனுக்குச் சீட்டுப் பிடிக்க விரும்பும் தாய்மார்கள் தனியாகப் பெயர் கொடுக்கலாம். ஏணியும் நடப்பதற்குப் பலகையும் சங்கத்தில் இருக்கின்றன. பிரஷ் மட்டும் அவரவர் கொண்டு வரவேண்டும். வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும், ஆகவே காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள்.